மைலோவில் கலக்க நினைத்த மாத்திரை

சிங்கப்பூரின் வடகிழக்கு வட்டாரத்தில், ஒரு நாலறை வீட்டில் கணவர், மகள், மாமியாரோடு வசிக்கும் 46 வயதுப் பெண்மணி, மருத்துவராகிய எனக்கு எழுதிய கடிதம் இது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாமியாருக்கு வயது 71. 1997 முதல் தினமும் இரவில் ஒரு "நரம்பு மாத்திரை" சாப்பிட்டு வந்தார். அது மனநிலையைச் சமமாக வைக்கும் லித்தியம் என்பது, கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துத்தான் மருமகளுக்குத் தெரிந்ததாம். மாத்திரை தொடங்கிய காலத்தில் மாமியார் இரண்டு முறை "வுட்பிரிட்ஜ்" மனநல மருத்துவமனையில் படுத்திருந்தார் என்பதைக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. சென்ற ஆண்டு இறுதியில் அவருக்கு மூட்டுவலி வந்தது. அக்கம்பக்கத்து மருந்தகத்துக்குப் போனபோது, "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கூடப் போன மகன் "இல்லை" என்று சொல்லிவிட்டார். வலி மாத்திரை கிடைத்தது. அடுத்த வாரமே தைப்பூசப் பால்குடத்துக்காக மாமியார் விரதம் தொடங்கினார். ஒருவேளைச் சாப்பாடு, உப்பு குறைவு, தண்ணீரும் குறைவு. இரண்டு வாரத்தில் கை நடுங்கியது, வயிற்றுப்போக்கு வந்தது, பேச்சு குழறியது, நடை தள்ளாடியது. மகனை, இறந்துபோன கணவரின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மருத்துவமனையில், ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறிவிட்டது, சிறுநீரகமும் அடி வாங்கியிருக்கிறது என்று சொல்லி மாத்திரையை நிறுத்தினார்கள். சீக்கிரம் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லித் தேதியும் கொடுத்தார்கள். "மாத்திரை இல்லாமலேயே நல்லாத்தானே இருக்காங்க" என்று குடும்பம் அந்தத் தேதியை விட்டுவிட்டது.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. மூன்று வாரமாக மாமியார் இரவில் இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறார். விடிகாலை 3 மணிக்கு மிக்சியில் மசாலா அரைக்கிறார்; கீழ் வீட்டார் புகார் செய்துவிட்டார்கள். தேக்கா சந்தைக்குப் போய் மாடி முழுவதற்கும் காய்கறி வாங்கி வருகிறார். ஆறு தங்க வளையலில் இரண்டு, பக்கத்து வீட்டுப் பணிப்பெண் கைக்குப் போய்விட்டது. கோயிலில் அன்றைக்குத்தான் பழகிய ஒருவருக்கு ஒரு சங்கிலி. வாசலுக்கு வந்த விற்பனையாளரிடம் 3,200 வெள்ளிக்குத் தண்ணீர் வடிகட்டி வாங்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தடுத்தால் கோபம். "சாப்பாட்டுல என்னமோ கலக்குறா" என்று மருமகள்மேல் பழி. இரவு வேலைக்குப் போகும் கணவரோ, "அப்பா போனதுக்கப்புறம் இப்பத்தான் அம்மா கலகலப்பா இருக்காங்க, நீ ஏன் குறை சொல்றே?" என்கிறார். ஜோகூரில் இருக்கும் நாத்தனார் இது மறதிநோய் என்கிறார். உறவுக்காரர்கள் அம்மன் அருள் என்கிறார்கள்.

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய லித்தியத்தைப் பொடித்து மைலோ பானத்தில் கலந்து கொடுக்கலாமா? இது மறதிநோயா? இன்னும் நகை போவதற்குள் அவசரமாக ஒரு அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாமா? மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இதை எப்படி மூடி மறைப்பது?

சகோதரி, முதல் கேள்விக்கான பதிலை உங்கள் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே மறுபடியும் எழுதுகிறேன்.

அந்த டப்பாவைத் தொடாதீர்கள்

கலக்கவே கூடாது. லித்தியம் உடம்பிலிருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக மட்டும்தான். உங்கள் மாமியாரின் சிறுநீரகம் நான்கு மாதத்துக்கு முன் அடிபட்டிருக்கிறது; இப்போது எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பழைய அளவு இன்றைக்கு அவருக்கு விஷமாகலாம். சில லித்தியம் மாத்திரைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். அந்த டப்பாவை அப்படியே எடுத்து வைத்து, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சாப்பாட்டில் நீங்கள் எதையோ கலப்பதாக அவர் சொல்கிறார். இன்றைக்கு அது நோய் பேசும் பேச்சு. மைலோவில் நீங்கள் மாத்திரையைக் கலந்துவிட்டால் அது உண்மையாகிவிடும். தெளிந்த பிறகு அவருக்குத் தெரியவந்தால், உங்கள் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். முடிவெடுக்கும் திறன் அறவே இல்லாத ஒரு நோயாளிக்கு உணவில் மருந்து தர வேண்டிய நிலை எப்போதாவது வருவதுண்டு. அதைக்கூட மருத்துவக் குழு கலந்து பேசி, காரணத்தை எழுதி வைத்துத்தான் செய்யும். அடுக்களையில் ஒருவர் தனியாக எடுக்கும் முடிவல்ல அது. உங்கள் களைப்பில் இந்த எண்ணம் வந்ததற்காக நான் உங்களைக் குறை சொல்லவில்லை. செய்வதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பெரிது.

தைப்பூசத்துக்கு முன் நடந்தது என்ன

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது. "விரதம் இருந்து சாமி குத்தம் ஆகிவிட்டதோ என்று அத்தை அழுதார்." அவரிடம் சொல்லுங்கள்: சாமி குத்தம் எதுவும் இல்லை.

லித்தியம் உப்புக்கு உறவுக்காரன். சிறுநீரகத்துக்கு இரண்டுக்கும் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், "இருப்பதைப் பிடித்து வை" என்று சிறுநீரகம் உப்பை இழுத்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் இழுத்துக்கொள்ளும். நம் ஊர் வெக்கையில் ஒருவேளைச் சாப்பாட்டோடு, தண்ணீரும் குறைத்து இருப்பது அதற்குப் போதும். அதன்மேல் மூட்டுவலி மாத்திரை. ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் லித்தியம் வெளியேறும் வழியைக் குறுக்கிவிடும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும், குறிப்பாக நீர் பிரியும் மாத்திரைகள், எனலாபிரில், லோசார்ட்டன் வகைகள், இதையே செய்யும். 40 வயதுச் சிறுநீரகம் ஓரளவு சமாளித்துக்கொள்ளக்கூடும். 71 வயதில் அந்தக் கையிருப்பு கிடையாது. அதனால்தான் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்தத்தில் லித்தியத்தைப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.4 முதல் 0.8 மில்லிமோலுக்குள் தாழ்வாகவே வைக்கிறோம். முதியவர்களுக்கு அதைக் கொஞ்சம் தாண்டினாலே கை நடுக்கமும் தள்ளாட்டமும் வரலாம்.

அந்த மருந்தகத்து டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். பதிலை மறைத்தது, "அந்த மாத்திரை"யின் பெயரைச் சொல்லக் கூசிய உங்கள் வீட்டு வழக்கம். உங்கள் கணவரைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. சிறுவயதிலிருந்து அவரைப் பழக்கியது அப்படி. 1928இல் தொடங்கிய நம் மனநல மருத்துவமனை 1951இல் வுட்பிரிட்ஜ் என்று பெயர் மாறியது. 1993இல் புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகம் ஆகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் நம் மூத்தவர்கள் பழைய பெயரைக் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். உங்கள் மாமியாரை மருத்துவமனைப் படுக்கையில் கொண்டுபோய்ப் போட்டதில் லித்தியத்துக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு அந்தத் தாழ்ந்த குரலுக்கும் உண்டு.

இது மறதிநோயா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், 1997இல் வந்த அதே நோய் திரும்பியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருமுனைக் கோளாறு, பைபோலார் என்று சொல்வார்களே, அது. வாழ்க்கையில் சில காலம் மனம் அளவுக்கு மீறி எழும்; சில காலம் அளவுக்கு மீறித் தாழும்; நடுவில் பல வருடம் சமநிலையில் இருக்கும். சிங்கப்பூரில் 2016இல் நடத்திய மனநல ஆய்வில், பெரியவர்களில் 1.6 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வந்திருப்பது தெரிந்தது. வயதானால் இந்த நோய் அடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அடங்குவதில்லை. உங்கள் மாமியாருக்கு இத்தனை வருடம் அடங்கியிருந்தது என்றால், மருந்து அடக்கி வைத்திருந்தது. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால், அடுத்த சில மாதங்களில் நோய் திரும்பும் ஆபத்து மிக அதிகம். உங்கள் வீட்டில் நான்கு மாதம் தாங்கியிருக்கிறது.

ஆனாலும் 71 வயதில் எதையும் ஊகித்துவிட்டு உட்கார முடியாது. நாத்தனார் சொல்வதையும் நான் ஒதுக்கவில்லை. நாங்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு நாளில் மாறினார்?" என்பதைத்தான். மறதிநோய் வருடக்கணக்கில் மெல்ல வரும். எழுச்சிக் கட்டம் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் வரும்: தூக்கம் குறையும், களைப்பே தெரியாது, பேச்சும் செலவும் பெருகும். உடம்பு நோயால் வரும் திடீர்க் குழப்பம் மணிக்கணக்கில் மாறும். காலையில் தெளிவாக இருப்பார், மாலையில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. தைப்பூசத்துக்கு முன் நீங்கள் பார்த்தது இந்தக் குழப்பம். இப்போது பார்ப்பது எழுச்சி. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது" என்று நாத்தனார் முடிவுகட்டியதற்குக் காரணம், இரண்டும் நான்கே மாதத்துக்குள் நடந்துவிட்டதுதான்.

வயதானவர்களிடம் எழுச்சி எப்போதும் சந்தோஷமாக வெளிப்படாது. எரிச்சல், சந்தேகம், ஒன்றிலும் நிலைக்காத கவனம் என்று வரும். அதனால் வீட்டார் "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். நெற்றிப்பக்க மூளையைத் தாக்கும் ஒருவகை மறதிநோயும் கூச்சம் விட்டுப்போவது, கண்டபடி செலவு செய்வது என்று இதைப் போலவே தோன்றலாம். பக்கவாதம், தைராய்டு, சிறுநீர்த் தொற்று, ஸ்டீராய்டு மருந்து, சோர்வுக்காகத் தரும் மாத்திரை என்று எழுச்சியைத் தூண்டும் காரணங்களும் நிறைய. ஆகவே சிறுநீரகம், உப்புச்சத்து, தைராய்டு, கால்சியம், சர்க்கரை, சிறுநீர் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தலைக்கு ஸ்கேன் தேவைப்படலாம்.

ஒன்றை அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: மூட்டுவலிக்கு வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா? யாரோ கொடுத்த பொடி, எல்லை தாண்டி வாங்கிய "நாட்டு மருந்து" ஏதாவது? அப்படிப்பட்ட மூட்டுவலிப் பொருள்களில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் சொல்லாமல் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு ஒன்றே தூக்கத்தைக் கெடுத்து மனத்தைக் கிளப்பிவிடும்.

நினைவாற்றல் சோதனையை இப்போது செய்தால் பலன் இல்லை. ஓடிக்கொண்டிருப்பவரை நிறுத்தாமலே உயரம் அளப்பது போலத்தான் அது. மனநிலை சமமாகிச் சில மாதம் போகட்டும். பல வருடம் இந்த நோயோடு வாழ்ந்தவர்களுக்குக் கவனத்திலும் வேகத்திலும் கொஞ்சம் தேய்மானம் இருக்கலாம். அது எவ்வளவு என்று அப்போது தெரியும்.

"கலகலப்பா இருக்காங்களே"

உங்கள் கணவர் சொல்வதில் பொய் இல்லை. அப்பா இறந்ததிலிருந்து வாடிப்போயிருந்த அம்மா, இப்போது சிரிக்கிறார், பாடுகிறார், சமைக்கிறார். எந்த மகனுக்கு அதைக் கெடுக்க மனம் வரும்? நீங்கள் சொன்னால் மருமகள் குறை சொல்வதாகத்தான் படும். அதனால் நீங்கள் வாதாட வேண்டாம். ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சாப்பிட்டார், எவ்வளவு செலவழித்தார். கருத்து எதுவும் எழுதாதீர்கள், மணியும் தொகையும் போதும். பிறகு கணவரை இரண்டு இரவு விடுப்பு எடுத்து வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். இரவு வேலைக்குப் போகிறவர், அம்மாவின் இரவை இதுவரை பார்த்ததே இல்லை. மகிழ்ச்சியாக இருப்பவர் இரவில் தூங்குவார். மூன்று வாரம் தூங்காத 71 வயது உடம்பு விழும், இதயம் திணறும்.

அவரைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் மட்டும் போடாதீர்கள். மருத்துவரிடம் காட்ட நோட்டே போதும். தெளிந்த பிறகு அந்தப் படத்தை அவரே பார்க்க நேர்ந்தால் அந்த வெட்கம் அவரை விட்டுப் போகாது.

வளையல் விஷயத்தில் இன்னொன்று சொல்ல வேண்டும். எழுச்சியில் இருப்பவர் குதூகலத்தில் அள்ளிக் கொடுப்பார். ஆனால் சில முதியவர்கள், விடைபெறுவதற்காகவும் நகைகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். எழுச்சியும் சோர்வும் ஒரே நேரத்தில் கலந்து வருவதும் உண்டு. எழுச்சி இறங்கியதும் ஆழ்ந்த சோர்வு வருவது இந்த நோயின் இயல்பு. ஆகவே நேராகக் கேளுங்கள்: "அத்தை, ஏன் குடுக்கறீங்க? உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பயப்படாதீர்கள். முளைக்காது. "நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்பது போன்ற பதில் வந்தால், அதை வயதானவர் வழக்கமாகப் புலம்புவதாக எண்ணித் தள்ளிவிடாமல் அன்றே உதவி தேடுங்கள். தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி முதல் இங்கே குற்றமில்லை. போலிஸ் வழக்கு வரும் என்ற பயத்தில் யாரும் உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

எப்படி அழைத்துப் போவது

"உங்களுக்கு மூளை சரியில்ல, டாக்டர்கிட்ட வாங்க" என்றால் யார் வருவார்கள்? அவருக்கே தொல்லையாக இருப்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். "அத்தை, மூணு வாரமா நீங்க சரியாவே தூங்கல. மாத்திரையை நிறுத்தினப்ப டாக்டர் திரும்ப வரச் சொன்னாரே, நாமதான் போகாம விட்டுட்டோம். தப்பு எங்க மேலதான். வாங்க, நானும் கூட வர்றேன்." பொய் சொல்லி, கோயிலுக்கு என்று கூட்டிக்கொண்டு மருத்துவமனை வாசலில் இறக்காதீர்கள். மகன் சொல்வதைக் கேட்பார் என்றால் மகன் பேசட்டும்.

விட்டுப்போன அந்தத் தேதியை வைத்தே மருத்துவமனையைக் கூப்பிட்டு, நிலைமை மோசம் என்று சொல்லி சீக்கிரமே ஒரு தேதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் பலதுறை மருந்தகம் வழியாகக் கடிதம் வாங்குங்கள். அப்படிப் போனால் சலுகைக் கட்டணம். இருமுனைக் கோளாறு நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இருப்பதால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புப் பணத்தை வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் எடுக்கலாம். உங்கள் மாமியார் 1950களில் பிறந்தவர். அந்த வயதினருக்கு மருத்துவச் சலுகை தரும் மெர்டேக்கா தலைமுறை அட்டை அவரிடம் இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள்.

அவர் மறுத்தால், மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222க்கு நீங்களே கூப்பிட்டு நிலைமையைச் சொல்லலாம். சாப்பாடு, தண்ணீர் நின்றுபோனால், இரவில் தெருவில் இறங்கி நடந்தால், யாரையாவது அடிக்கப் போனால், உயிரை விடுவேன் என்றால் ஆம்புலன்ஸ் எண் 995. மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டம் 2008இல் வந்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரை மனநலக் கழக மருத்துவர் பரிசோதித்து, அவர் சம்மதம் இல்லாமலும் 72 மணி நேரம் வரை வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது. இன்னொரு மருத்துவர் பார்த்துத் தேவை என்றால் ஒரு மாதம் வரை. அதற்கு மேல் இரண்டு மருத்துவர்கள் பார்த்து ஆறு மாதம் வரை. உறவினர்கள் கையெழுத்துப் போட்டு ஒருவரை "உள்ளே தள்ளிவிட" முடியாது. நாத்தனாருக்கு இந்தப் பயம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் பேசிப் புரியவைத்தால் தாங்களாகவே வருகிறார்கள் என்பதை என் அனுபவத்தில் பார்க்கிறேன்.

பணமும் பத்திரமும்

எல்பிஏ என்று நாம் சொல்லும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை இந்த மாதம் எழுதாதீர்கள். பின்னால் திறனை இழந்தால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் அந்தப் பத்திரம், எழுதுபவர் புரிந்துகொண்டு தானே விரும்பி எழுத வேண்டியது. சான்றளிக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ அவரிடம் பேசி, புரிகிறதா, யாரும் நெருக்குகிறார்களா என்று பார்ப்பார். இன்றைய நிலையில் நேர்மையான ஒருவர் சான்றளிக்க மாட்டார். யாராவது அளித்தாலும் பின்னால் நாத்தனார் கேள்வி எழுப்ப இடம் கொடுத்துவிடும். அதைவிட, தூக்கம் கெட்டுக் கிடக்கும் நேரத்தில் மருமகள் கையெழுத்து வாங்கினாள் என்ற சொல் உங்கள்மேல் காலத்துக்கும் நிற்கும்.

மனநோய் இருந்தால் எந்த முடிவும் எடுக்க முடியாது என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. மனத்திறன் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. திறன் இருக்கிறது என்பதுதான் அதன் தொடக்கம். இல்லை என்று சொல்பவர்தான் காட்ட வேண்டும், அதுவும் இந்த முடிவு, இந்த நேரம் என்று தனித்தனியாக. இன்றைக்கு நகை விஷயத்தில் திறன் இல்லாதவருக்கு, எந்த மருத்துவரைப் பார்க்கலாம் என்பதில் திறன் இருக்கலாம். மூன்று மாதம் கழித்து எல்லாவற்றிலும் இருக்கலாம். பத்திரத்துக்கு அதுதான் நேரம். அவர் தெளிந்திருக்கும்போது, மகனையும் மகளையும் உட்கார வைத்து, யாரை நியமிப்பது என்று அவரையே கேளுங்கள். அப்படி எழுதாமல் திறனை இழந்துவிட்டால், குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அதிகாரம் வாங்க வேண்டியிருக்கும். அது நீண்ட வேலை.

அதுவரைக்கும் அவசரமாகச் செய்ய வேண்டியவை சில:

வடிகட்டி: வீட்டு வாசலில் வந்து விற்றவரோடு போட்ட ஒப்பந்தத்தை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் உரிமை தருகின்றன. அவரே கையெழுத்திட்டு அனுப்ப இசைந்தால் மிக எளிது. நாள் கடந்திருந்தால் மருத்துவர் கடிதத்தோடு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள்.

வங்கி: உள்ளூர் வங்கிகள் மூன்றிலும் 2023 நவம்பர் முதல், சேமிப்பில் ஒரு பகுதியை இணையம் வழியாக எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. மோசடிக்காரர்களைத் தடுக்கக் கொண்டுவந்தது, உங்களுக்கும் உதவும். "மோசடிக்காரங்க தொல்லை அதிகமாயிடுச்சு, கொஞ்சம் பூட்டி வைப்போமா?" என்று அவரிடமே கேட்கலாம். அதில் பொய் எதுவும் இல்லை.

நகை: கொடுத்ததைத் திரும்பக் கேட்பதை மகன் செய்யட்டும், அமைதியாக. பணிப்பெண்மீது திருட்டுப் பழி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டு வாங்கவில்லை.

மகளின் வரன்

இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் கடைசியாக, இரண்டே வரியில் எழுதியிருந்தீர்கள். அதுதான் மிகவும் வலிக்கிறது என்று புரிகிறது.

பெற்றோரில் ஒருவருக்கு இருமுனைக் கோளாறு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 10 வரை. பாட்டிக்கு இருந்தால் அதைவிடக் குறைவு. பேரப்பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது வராது. மாப்பிள்ளை வீட்டாரிடம் பாட்டியின் மருத்துவக் கதையைச் சொல்ல எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அது உங்கள் மாமியாரின் கதை. சொல்வதா வேண்டாமா என்பதில் முதல் சொல் அவருடையது.

ஆனால் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். 26 வயதுப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு அவளுக்கு மனச்சோர்வு வந்து மருத்துவர் மாத்திரை எழுதும்போது, "பாட்டிக்கு பைபோலார்" என்ற ஒரு வரி, மருந்தைத் தேர்ந்தெடுப்பதையே மாற்றும். பிரசவத்துக்குப் பிறகு வரும் சில வாரங்கள் இந்த நோய் உள்ள குடும்பத்துப் பெண்கள் கவனமாக இருக்க வேண்டியவை. இவை தெரியாமல் அவளைக் கட்டிக்கொடுத்தால், மருந்தகத்தில் உங்கள் கணவர் சொன்ன அதே "இல்லை"யை இன்னொரு வீட்டில் அவளும் சொல்ல வேண்டிவரும். மணக்கப்போகிறவரிடம் அவள் எப்போது, எப்படிச் சொல்வாள் என்பதை அவளிடமே விடுங்கள். என் கருத்தைக் கேட்டால், சொல்வதே நல்லது என்பேன். பாட்டிக்கு மருந்து வேண்டும் என்ற காரணத்துக்காகப் பேச்சை முறித்துக்கொள்ளும் குடும்பத்தைக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வதில் நஷ்டம் இல்லை.

இனி எந்த மருந்து?

அதை அவரைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். எழுச்சியை இறக்கக் குவெட்டியாபின் போன்ற ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்கலாம். தூக்கக் கலக்கத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சர்க்கரையைக் கவனிக்க வேண்டும். வால்ப்ரோயேட் இருக்கிறது. சோர்வுக் கட்டம் திரும்பாமல் காக்க லமோட்ரிஜின் சிலருக்கு உதவும். எதற்கும் அடங்காத கடும் நிலையில் மின்னதிர்வுச் சிகிச்சை முதியவர்களுக்கும் நன்றாகவே பலன் தருகிறது. பழைய கதைகளைக் கேட்டு அதற்கு நடுங்க வேண்டாம்.

லித்தியத்தை "விஷம்" என்று எழுதியிருந்தீர்கள். அது எழுச்சி நோய்க்குப் பலன் தருவதை ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949இல் எழுதி வெளியிட்டதிலிருந்து, இந்த நோய்க்கு அதைவிட நீண்டகாலம் நிலைத்த மருந்து இல்லை. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் அதற்குத் தனி இடம் உண்டு. உங்கள் மாமியாரை ஏறக்குறைய முப்பது வருடம், உங்கள் கல்யாணத்தையும் உங்கள் மகளின் பிறப்பையும் தாண்டி, நிமிர்ந்து நிற்க வைத்தது அது. சிறுநீரகம் தேறியிருந்தால், குறைந்த அளவில் அதற்கே திரும்பலாமா என்று மருத்துவர் யோசிக்கக்கூடும். "வேண்டவே வேண்டாம்" என்று முதலிலேயே கதவைச் சாத்திவிடாதீர்கள். திரும்பினால், கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். முதியவர்களுக்கு இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவமனைக்கு ஒரு போன் செய்யுங்கள். மூட்டுவலிக்குப் பராசிட்டமோல் பாதகமில்லை.

எந்த மருந்தானாலும் ஒரு சிறு அட்டையில் பெயரும் அளவும் எழுதி அவருடைய பர்சில் வையுங்கள். அவர் கையாலேயே எழுதினால் இன்னும் நல்லது. இனி எந்த மருந்தகத்துக்குப் போனாலும் அந்த அட்டை முதலில் மேசைக்கு வரட்டும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அவர் தூங்காத மூன்று வாரத்தில் நீங்களும் தூங்கியிருக்க மாட்டீர்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் பராமரிப்பவர்களுக்கும் உரியது. மனநோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கு இலவசப் பயிற்சி நடத்தும் கேர்கிவர்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பும் இங்கே இருக்கிறது. உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த தைப்பூசம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தெளிந்ததும் மாமியார் முதலில் கேட்கப்போவது அதைத்தான். பால்குடம் எடுக்கலாம். இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்லி, விரதத்துக்கு முன்னும் நடுவிலும் ரத்தம் பார்த்துக்கொண்டு, சைவச் சாப்பாட்டை உப்போடு மூன்று வேளையும் சாப்பிட்டு, போகும் வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு போகலாம். பக்கத்தில் நீங்கள் ஒரு பாட்டிலோடு நடங்கள்.